பத்மா அக்காவின் மூன்றாவது குழாய்

செய்தியைச் சொன்னவர் செல்வம், எங்கள் வெள்ளவத்தை அடுக்குமாடியின் காவலாளி. அவருடைய அழைப்பு வந்தபோது நான் புறக்கோட்டையில் ஒரு உதிரிப்பாகக் கடையில் பெற்றோல் குழாய்க்குக் கிளிப் வாங்கிக்கொண்டிருந்தேன்.

"ஐயா, மொத மாடி பத்மாம்மா காலையில போயிட்டாங்களாம். ஹெந்தளையிலருந்து மக பேசுனாங்க" என்றார். பிறகு, "ஒங்க பைக்கப் பாத்ததும் எனக்கு அழுக வந்திருச்சுய்யா" என்றும் சொன்னார். கடைக்காரர் கிளிப்பைத் தாளில் சுற்றி நீட்டியபடி நின்றார். வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, எதற்காக வாங்கினேன் என்பதையே மறந்து பஸ் நிலையம் வரை நடந்தேன்.

பத்மாவதி அக்காவை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஒன்றாக வேலை செய்தவர்கள் அறிவார்கள். எங்கள் கட்டடக் குழுவின் தலைவராக, அதாவது அவரிடம் ஏச்சு வாங்கி, இன்னும் பலர் அறிவார்கள். வாகனத் தரிப்பிடத்தில் கம்பளம் தட்டக்கூடாது, மீன் கழுவக்கூடாது, காரணமில்லாமல் ஹோன் அடிக்கக்கூடாது என்ற விதிகள் அவருடையவை. நான் அவரை அறிந்தது ஒரு மோட்டார் சைக்கிளின் வழியாக. அதைத்தான் இங்கே சொல்ல முடியும்.

அது நான்கு சிலிண்டர் கொண்ட பழைய ஜப்பானிய மோட்டார் சைக்கிள். தூரப் பயணத்துக்கென்றே செய்தது. நிருபராக இருந்த காலத்தில் மட்டக்களப்புக்கும் மன்னாருக்கும் அதில்தான் போய் வந்தேன். பெற்றோல் தட்டுப்பாட்டு மாதங்களில் அது தரிப்பிடத்தின் மதிலோரம் நின்றது. உள்ளே மிச்சமிருந்த பெற்றோல் மெல்ல மெல்லக் காய்ந்து, நான்கு காபரேட்டர்களுக்குள்ளும் பிசினாகிவிட்டது. பெற்றோல் மறுபடி கிடைத்தபோது எஞ்சின் உயிர்த்தது. ஆனால் இருமியது, விக்கியது, ஒரு மூச்சை விட்டுவிட்டு அடுத்ததைப் பிடித்தது.

அந்த மதிலுக்கு நேர் மேலே முதல் மாடியில் அவருடைய ஜன்னல். ஜன்னலோரக் கட்டிலில் அவருடைய கணவர் ராஜா அண்ணை. பாரிசவாதம் வந்ததிலிருந்து அவருக்குப் பேச்சில்லை. இரவில் உறக்கமும் இல்லை. பிற்பகலில் கிடைக்கும் கொஞ்சத் தூக்கம்தான் அவர்கள் இருவருக்கும் உரிய ஓய்வு.

"தம்பி, அதை நிப்பாட்டும்" என்று மேலிருந்து குரல் வந்தது.

நிறுத்தினேன்.

"இவர் இப்பத்தான் கண் மூடினவர். இந்த மாச முடிவுக்குள்ள ஒண்டில் அதைத் திருத்தும், இல்லாட்டி கொட்டாஞ்சேனையில உம்மட தம்பி வீட்டை கொண்டுபோய் விடும்."

கொட்டாஞ்சேனையிலிருக்கும் என் தம்பிக்குப் பழைய இரும்பு வியாபாரம். அங்கே போகும் எதுவும் முழுதாகத் திரும்பியதில்லை. பத்மா அக்காவுக்கும் அது நன்றாகத் தெரியும்.

மறுநாளே காபரேட்டர்களைக் கழற்றி, தரிப்பிடத்தில் ஒரு பழைய மேசையைப் போட்டுப் பிரித்தேன். மிதவைகள், ஊசிகள், பெற்றோல் பாயும் ஜெட்டுகள், ரப்பர் வளையங்கள் என்று ஒவ்வொரு காபரேட்டருக்கும் ஒரு தட்டு. ஒன்றின் உறுப்பு மற்றதற்குப் போகக்கூடாது. மேலே ஜன்னல் திறந்திருந்தது.

"என்ன தம்பி, நண்டு துப்பரவாக்கிறீரோ?"

"ஜெட்டில அடைப்பு அக்கா. துவாரம் மயிரளவு. இரும்புக் கம்பி போட்டா கீறிப்போடும்."

சிறிது நேரத்தில் செல்வம் ஒரு துண்டு வயரோடு இறங்கி வந்தார். எக்ஸ்சேஞ்சில் ஓய்வுபெற்ற அன்று பத்மா அக்கா தம்முடன் கொண்டுவந்தது அது. உள்ளே மெல்லிய செப்பு இழைகள். ஒன்றை உருவி ஜெட்டில் விட்டுப் பார்த்தேன். பித்தளையைக் கீறாமல் போய் வந்தது. நன்றி சொல்ல ஜன்னலை நோக்கி நிமிர்ந்தேன். "திருப்பித் தரவேணும்" என்றார்.

எல்லாவற்றையும் பூட்டி எஞ்சினை எழுப்பியபோது மூன்று சிலிண்டர்கள்தான் வேலை செய்தன. அவர் ஏசுவதற்கு முன் நிறுத்திவிடலாம் என்று சாவியில் கை வைத்தேன்.

"ஓடட்டும், நிப்பாட்டாதேயும்" என்றார். ஜன்னல் கம்பியில் ஒரு கை, கட்டில் பக்கமாக ஒரு கை. "சத்தத்துக்கு இவர் எழும்பேல்லை தம்பி. அடுத்த சத்தம் வராமப் போறதுக்குத்தான் எழும்புறார். பாக்கிறன்தானே. அது விக்கேக்க இவர் கண்ணைத் திறந்து காத்துக்கொண்டு கிடக்கிறார்."

என்னிடம் அவர் கேட்டது அமைதியை அல்ல என்று அப்போதுதான் விளங்கியது. அதன்பின் எனக்குக் கொட்டாஞ்சேனைப் பயம் முக்கியமாகப் படவில்லை. அந்த மனிதர் தூங்க வேண்டும், அவ்வளவுதான்.

சில நாட்களில் ஒரு தூறல் மழை. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தபோது பத்மா அக்கா கூப்பிட்டார். "தம்பி, முன்னால இருக்கிற புகைக்குழாய்களைப் பாரும். மழைத்தண்ணி மற்றதுகளில உடன காயுது. மூண்டாவது குழாயில மட்டும் ஈரம் அப்பிடியே நிக்குது." நல்ல கவனிப்பு. எரியாத சிலிண்டரின் குழாய் சூடாகாது. நான் ஓடிப்போய்ப் பார்ப்பதற்குள் மழை விட்டுவிட்டது. அவர் சொல்லே போதும் என்று மூன்றாவது காபரேட்டரைக் கழற்றினேன். ஜெட் சுத்தமாக இருந்தது. மறுபடி பூட்டினேன், மறுபடி விக்கியது.

"நான் மூண்டாவதெண்டு சொன்னனான்."

"மூண்டாவதைத்தான் திறந்தனான் அக்கா."

"திறந்திருந்தா ஏன் இன்னும் விக்குது?"

மூன்றாவதை இன்னும் இரண்டு தடவை திறந்தேன். ஊசியை மாற்றினேன், மிதவையின் உயரத்தை அளந்தேன், நெருப்புப்பொறி வருகிறதா என்று பார்த்தேன். கடைசியில் வழக்குப் பேச மேலே போனேன். அந்த வீட்டுக்குள் நான் போனது அதுதான் முதல் தடவை. ராஜா அண்ணை என்னைப் பார்த்தார். பத்மா அக்கா என்னை ஜன்னலில் நிறுத்தி, கண்ணாடியில் விரல் வைத்து எண்ணினார்: "ஒண்டு, ரெண்டு, மூண்டு."

கீழே என் மோட்டார் சைக்கிள் முகத்தை எங்களுக்குக் காட்டிக்கொண்டு நின்றது. அவருடைய மூன்றாவது என்னுடைய இரண்டாவது.

"அக்கா, சீற்றில இருந்து பாக்கேக்க இடப்பக்கத்திலயிருந்துதான் எண்ணுறது. உலகம் முழுக்க அப்பிடித்தான்."

"ஓடாத வாகனத்தில ஏறியிருந்து என்னத்தை எண்ணுறீர்? ஒராளோட கதைக்கேக்க முகத்தைத்தானே பாக்கிறம்?" என்றார். பிறகு கணவரிடம் திரும்பி, "பேப்பர்க்காரன். எந்தப் பக்கமிருந்து பாக்கிறீங்கள் எண்டு ஒரு வார்த்தை கேக்கேல்லை" என்றார். ராஜா அண்ணையின் வாயின் ஒரு பக்கம் அசைந்தது. அவர் சிரித்தார் என்று பத்மா அக்கா சாகும்வரை வாதிட்டார். நானும் மறுத்ததில்லை.

இரண்டாவதைத் திறந்தேன். சும்மா நிற்கும்போது எஞ்சினுக்குப் பெற்றோல் விடும் சின்ன ஜெட்டில், முதல் தடவை என் கண்ணுக்குத் தப்பிய ஒரு துணுக்குப் பிசின் இருந்தது. செப்பு இழை அதை ஒரே தள்ளில் வெளியேற்றியது. இனிமேல் குழப்பம் வரக்கூடாது என்று அவர் மகளின் சிவப்பு நகப்பூச்சை அனுப்பினார். ஒவ்வொரு காபரேட்டரிலும் இலக்கம் எழுதச் சொன்னார், தம்முடைய ஒழுங்கில். எழுதினேன். மாச முடிவு நெருங்கிக்கொண்டிருந்தது, வாதாட நேரமில்லை.

மிச்சமிருந்தது நான்கையும் ஒன்றோடொன்று இணக்குவது. கொட்டாஞ்சேனை மெக்கானிக் நஸீர் நானாவிடம் நான்கு மானிகள் கொண்ட பெட்டியை இரவல் வாங்கி வந்தேன். ஒவ்வொரு காபரேட்டரும் எவ்வளவு காற்றை இழுக்கிறது என்பதை ஒவ்வொரு முள் காட்டும். ஒரு காபரேட்டருக்குத் திருகாணி கிடையாது. மற்ற மூன்றையும் அதற்கு ஏற்றபடி திருப்ப வேண்டும். திருகியைத் தொட்டவுடன், "அவசரப்படாதேயும். ரெண்டு பக்கமும் கதைச்சு முடியாம இடையில பூரக்கூடாது" என்று மேலிருந்து வந்தது. எக்ஸ்சேஞ்சில் அவர் புதிய பிள்ளைகளுக்குச் சொன்னதும் அதுதானாம். ஒவ்வொரு கால் திருப்பத்துக்குப் பிறகும் காத்திருந்தேன். முட்கள் ஒன்றையொன்று நெருங்கின. இருமல் போய், ஒரே சீரான தாழ்ந்த ஒலி வந்தது. நிமிர்ந்து பார்த்தேன். பத்மா அக்காவின் ஒரு கை கணவரின் மார்பில் இருந்தது. மற்றக் கையின் விரலை உதட்டில் வைத்துக் காட்டினார். எனக்குத்தான், எஞ்சினுக்கு இல்லை.

அன்று முதல் பிற்பகல்களில், புகைக்குழாய் வெளிப்பக்கம் பார்க்க, அதைச் சிறிது நேரம் ஓடவிடுவது என் வேலையாயிற்று. கட்டடக் குழுவுக்கு இரண்டு முறைப்பாடுகள் போயின. தலைவர் அவற்றைப் பரிசீலிப்பதாகச் சொன்னார். அத்தோடு சரி.

ராஜா அண்ணை அடுத்த வருடம் போனார், தூக்கத்தில். நான் மோட்டார் சைக்கிளைத் தொடவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையும் முடிந்த பிறகு ஒரு பிற்பகல் ஜன்னல் திறந்தது. "என்ன தம்பி, லைன் செத்துப்போச்சோ?" என்று கேட்டார். அன்று ஓடவிட்டேன். அவர் கட்டிலில்லாத அந்த ஜன்னலோரம் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார்.

மகளோடு ஹெந்தளைக்குப் போன பின்னும் இடைக்கிடை தொலைபேசியில் வருவார். "அதைக் கிட்டக் கொண்டுபோம், கேப்பம்" என்பார். தொலைபேசியைப் புகைக்குழாயருகே பிடிப்பேன். ஒருமுறை, "ரெண்டாவது சரியில்லை" என்று தீர்ப்புச் சொன்னார். உண்மையில் இலக்கத்தகட்டின் ஆணி ஒன்று கழன்றிருந்தது. அதைச் சொன்னதற்கு, "எண்டாலும் ரெண்டாவதை ஒருக்காப் பாரும்" என்றார். தாம் சொன்னது பிழை என்று அவர் ஒப்புக்கொண்டதாக எக்ஸ்சேஞ்ச் நண்பர்கள் யாருக்காவது நினைவிருந்தால் எனக்கு அறிவியுங்கள்.

ஹெந்தளைக்கு அதில்தான் போனேன். சாவீட்டு ஒழுங்கையின் தொடக்கத்திலேயே நிறுத்தி, தள்ளிக்கொண்டு போனேன். வாசலில் நின்ற மகள், "என்ன அங்கிள், பழுதோ?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப ஏன் தள்ளிக்கொண்டு வாறீங்கள்? அம்மா அறிஞ்சா பேசுவா." திரும்பும்போது வாசல் படலையடியிலேயே எழுப்பி, எஞ்சின் சூடாகிச் சீராகும்வரை நின்றுவிட்டுப் புறப்பட்டேன்.

போன கிழமை கிளிப்பைப் பூட்ட நஸீர் நானாவிடம் போயிருந்தேன். குனிந்து பார்த்தவர் நிமிர்ந்தார்.

"சேர், இது யாரு எழுதின? நம்பர் எல்லாம் மறுபக்கமா ஈக்கிது. தின்னர் கொஞ்சம் வெச்சித் தொடச்சாப் போயிரும்."

"தொடைக்க வேண்டாம் நானா. அப்பிடியே இருக்கட்டும்."

"அப்ப நான் எப்பிடி எண்ணுற?"

"முன்னுக்கு வந்து நிண்டு எண்ணுங்கோ" என்றேன்.

அவர் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார். அதன் முகத்துக்கு நேரே நின்று, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினார்.