நுங்கும் நுரையும்

என் சமையலறையில் ஓர் எவர்சில்வர் தூக்கு இருக்கிறது. அம்மாவின் கல்யாணச் சீரில் வந்தது. வாய் விளிம்பு ஒரு பக்கம் நெளிந்திருப்பதால் மூடி சரியாக உட்காராது. அதில் புளி போட்டு வைத்திருக்கிறேன். அந்த நெளிவு எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும் என்றுதான் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

குடமுருட்டி ஆற்றில் புதுத்தண்ணீர் வரும் நாள். "ஆத்துல தண்ணி நுங்கும் நுரையுமா வருதாம்" என்று அம்மா சொல்கிறாள். வெள்ளம் பொங்கி வருவதை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். நான் நுங்குதான் மிதந்து வருகிறது என்று நினைத்துக்கொண்டு தூக்கை எடுத்துக்கொண்டு படித்துறைக்கு ஓடுகிறேன். நுரை வருகிறது, சருகு வருகிறது, நுங்கைக் காணோம். அழுகை முட்டும்போது சீவாத நுங்குக் காய் இரண்டு நிஜமாகவே மிதந்து வருகின்றன. ஒன்றைப் பிடித்துத் தூக்குக்குள் திணிக்கிறேன். அது தூக்கின் வாயிலேயே சிக்கிக்கொள்கிறது, விளிம்பு நெளிகிறது. மேல்துறையில் மறைந்து நின்று காயை விட்ட அம்மா, நனைந்த புடவையோடு சிரித்துக்கொண்டே ஓடி வருகிறாள். நான் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது அம்மா போய்விட்டாள். அவள் முகம் அசைந்து, சிரித்து எனக்கு ஞாபகம் இருப்பது இந்த ஒரு காட்சியில்தான்.

இதே காட்சி மாமாவின் நாவலிலும் இருக்கிறது. மாமா என்றால் அம்மாவின் தம்பி. தாயில்லாத பிள்ளை என்று, கல்யாணமாகி வரும்போதே அம்மா அவரையும் திருக்காட்டுப்பள்ளிக்குக் கையோடு அழைத்து வந்துவிட்டாள். நான் பிறப்பதற்கு முன்பே அந்த வீட்டில் வளர்ந்தவர் அவர். அம்மா போன பிறகு பொறியியல் படித்தார், கனடா போனார், இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை பார்த்துக்கொண்டே விடியற்காலையில் எழுந்து ஆங்கிலத்தில் நாவல் எழுதினார். முதல் இரண்டும் சீந்துவாரில்லாமல் கிடந்தன. மூன்றாவதுதான் அவரைத் தூக்கி நிறுத்தியது. பரிசு கிடைத்தது, பேட்டி வந்தது, ஊரில் பேச்சும் வந்தது. "நம்ம ஊரு சேத்தை வித்தே அங்க வீடு கட்டிட்டான்யா" என்று டீக்கடையில் சிரித்தார்கள். அவர்கள் யாரும் அந்த நாவலைப் படித்ததில்லை. அங்கே போய் முப்பது நாற்பது வருஷம் ஆகியும் கனடாவைப் பற்றி ஒரு வரி எழுதாத மனிதர். இங்கே வந்தாலோ இரண்டாவது வாரமே கொசு கடிக்கிறது என்று டிக்கெட்டைப் பார்ப்பார். எது அவர் ஊர் என்று எனக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

அந்த மூன்றாவது நாவலில் ஒரு சிறுவன் நுங்குக்காக ஆற்றங்கரையில் காத்திருக்கிறான். அவன் அக்கா மேலே நின்று காயை மிதக்க விடுகிறாள். என் அம்மாவை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டு போய் அச்சடித்துவிட்டார் என்று கோபம் வந்தது. அப்பாவிடம் சொன்னேன். "உங்க மாமன் ஆத்துப் பக்கம் போயி நான் பாத்ததே இல்ல. அவனுக்குத் தண்ணின்னாலே பயம்" என்றார். எனக்குத் தெம்பு வந்தது. அடுத்த முறை மாமா வந்தபோது கேட்டேவிட்டேன்.

"நீங்க எழுதினது எனக்கு நடந்தது மாமா."

அவர் என்னைத்தான் விநோதமாகப் பார்த்தார். "பாப்பா, அந்த ஏமாளி நான்தான். அக்கா ஏமாத்தினது என்னைய. அவ போனப்புறம் நீ தூங்காம அழுவ, இதைத்தான் உனக்குக் கதையா சொல்லுவேன். நீதான் எனக்குப் பதிலா உன்னையப் போட்டுக்கிட்ட."

அன்றிலிருந்து எனக்குக் குழப்பம்தான். ஒருவேளை தம்பியிடம் செய்த குறும்பையே அம்மா மகளிடமும் செய்திருக்கலாம். இல்லை, அவர் சொன்ன கதையில்தான் நான் அம்மாவைப் பார்த்தேனோ? தூக்கைக் கேட்டால் அது இரண்டு பேர் காலத்திலும் இருந்தது. அந்தச் சிரிப்பு என்னுடையது இல்லையென்றால், எனக்கென்று அம்மாவே இல்லை. இதை யாரிடம் சொல்வது? சொன்னால், வேலையற்ற வேலை என்பார்கள்.

கடைசிக் காலத்தில் மாமாவுக்கு ஞாபகம் தப்பிவிட்டது. ஆங்கிலம் முழுக்கப் போய்விட்டது என்று மாமி போனில் அழுதாள். எத்தனை நாவல் எழுதிய ஆங்கிலம்! போனை அவர் காதில் வைத்தபோது குரல் சின்னப் பிள்ளையுடையதாக இருந்தது.

"பாப்பா, ஆத்துல தண்ணி வந்துடுச்சா?"

"வந்துடுச்சு மாமா. நுங்கும் நுரையுமா வருது."

"அக்கா எனக்கு நுங்கு போட்டுச்சா?"

அது எனக்கு என்று சொல்ல வாய் வரை வந்தது. "போட்டாங்க மாமா. உங்களுக்குத்தான்" என்றேன். சொன்னதும் நெஞ்சு காலியானது போல இருந்தது.

அவர் ரகசியம் சொல்வது போலக் குரலைத் தாழ்த்தி, "அழாத. உனக்கு ஒண்ணு எடுத்து வச்சிருக்கேன்" என்றார். அதன் பிறகு அவர் குரலை நான் கேட்கவில்லை. அந்த மழைக்காலத்திலேயே போய்விட்டார்.

இந்த வருஷம் தண்ணீர் வந்த அன்று, புளியைக் கொட்டிவிட்டுத் தூக்கைக் கழுவி எடுத்துக்கொண்டு படித்துறைக்குப் போனேன். எதற்கென்று எனக்கே தெரியவில்லை. "என்ன டீச்சர், தூக்கோட வந்திருக்கீங்க?" என்று எதிர்வீட்டுக்காரர் கேட்டார். "சும்மாதாங்க" என்றேன். நுரை வந்தது, சருகு வந்தது, பிளாஸ்டிக் பாட்டிலும் ஒற்றைச் செருப்பும் வந்தன. அவர் போகும்வரை காத்திருந்துவிட்டு, மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு மேல்துறையைப் பார்த்தபடி நின்றேன்.