ஜன்னலோரத்து மூன்றாவது பெட்டி

முகம் பார்ப்பதுதான் அவருடைய தொழில். பாஸ்போர்ட், அடையாள அட்டை, வேலைக்கு விண்ணப்பம் என்று எதற்குப் போட்டோ வேண்டுமென்றாலும் அந்தத் தெருக்காரர்கள் அவருடைய ஒற்றை அறைக் கடைக்குத்தான் வருவார்கள். ஸ்டூலில் உட்கார வைத்து, மோவாயை ஒரு விரலால் நிமிர்த்தி, "சிரிக்காதீங்க, காது ரெண்டும் தெரியணும்" என்பார். இருபது வருஷமாக இதையே சொல்லிச் சொல்லி, பலகையில் வேறு பெயர் இருந்தும் கடைக்கு 'சிரிக்காதீங்க ஸ்டூடியோ' என்றே பெயர் விழுந்துவிட்டது. அதில் அவருக்கு வருத்தமில்லை. கல்யாணமாகிப் பதினோரு வருஷமாகியும் அந்த ஸ்டூலில் உட்கார வைக்க வீட்டில் ஒரு பிள்ளை இல்லையே என்பதுதான் வருத்தம்.

ஒரு முகத்தை ஒரு தடவை பார்த்தால் போதும், ஆயுசுக்கும் மறக்கமாட்டார். ஐந்து வருஷம் கழித்துத் தாடியும் தொப்பையுமாக வந்து நிற்பவரிடம், "உங்க இடது காது கொஞ்சம் ஏத்தமா இருக்கும், தலைய லேசா சாய்ங்க" என்று சொல்லி அசர வைப்பார். இந்தப் பெருமை அவருக்குக் கொஞ்சநஞ்சமல்ல. யானைக்கும் அடி சறுக்கும் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் காதில் போட்டுக்கொண்டிருக்கமாட்டார்.

பன்னிரண்டாவது வருஷம் மனைவி முழுகாமல் இருந்தாள். ஏழாவது மாதம் ஒருநாள் காலையில் தலைவலி என்று உட்கார்ந்தவளுக்கு மத்தியானத்துக்குள் ரத்த அழுத்தம் தாறுமாறாக ஏறி, உடனே ஆபரேஷன் செய்யாவிட்டால் இரண்டு உயிரும் தங்காது என்று சொல்லிவிட்டார்கள். எங்கே கையெழுத்துப் போட்டோம் என்றுகூட அவருக்கு நினைவில்லை. பெண் குழந்தை. ஒரு கிலோ ஐம்பது கிராம். அவர் கடைக்கு வாங்கும் போட்டோ பேப்பர் கட்டு அதைவிடக் கனம்.

தொற்று பயத்தால் அப்பாக்களை முதல் சில நாள் உள்ளே விடுவதில்லை. வராந்தாவில் நின்று பெரிய கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொள்ளலாம். நர்ஸ் உள்ளேயிருந்து கையைக் காட்டினாள்: ஜன்னலோரம், மூன்றாவது பெட்டி. பார்த்தவர் பேயறைந்தவர் போல நின்றுவிட்டார். குழந்தை என்றால் கன்னம் இருக்கும், மடிப்பு மடிப்பாகத் தொடை இருக்கும் என்று நினைத்திருந்தார். அங்கே கிடந்தது அவருடைய உள்ளங்கையிலிருந்து முழங்கை வரைக்கும்கூட வராது. சிவந்த தோல், தோலுக்கு அடியில் நரம்பு, வாயை மூடி வெள்ளை டேப், டேப்புக்கு நடுவே குழாய். இரண்டு நிமிஷம்கூட அவரால் நிற்க முடியவில்லை. அன்றைக்கு அவர் தன் மகளைப் பார்த்தது அவ்வளவுதான்.

அன்று சாயங்காலமே குழந்தைக்கு மூச்சுத் திணறி, பெரிய மெஷின் இருக்கும் மூலைப் பெட்டிக்கு மாற்றியிருக்கிறார்கள். மூன்றாவது பெட்டிக்கு வேறொரு குழந்தை வந்தது. அதுவும் பெண், அதே எடை, அதே டேப். காலில் கட்டியிருந்த பட்டையில் தாயின் பெயர் எழுதியிருந்தாலும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்பவருக்குத் தெரியாது. நர்ஸுகள் ஆள் மாறினார்கள். அவரிடம் யாரும் சொல்லவில்லை, அவரும் யாரையும் கேட்கவில்லை. முகம் தெரிந்தவர் எதற்குக் கேட்க வேண்டும்?

மறுநாளிலிருந்து மூன்றாவது பெட்டிக்கு நேராக, கண்ணாடியில் மூக்கு முட்ட நின்று பேசுவார். தினமும் டாக்டர் அவரைத் தனியாகக் கூப்பிட்டு அவருடைய மகளைப் பற்றிச் சரியாகத்தான் சொன்னார். "இன்னைக்கு ஒரு சுத்து பரவால்ல" என்பார். இவர் ஓடிவந்து மூன்றாவது பெட்டியைப் பார்த்தால், அட, ஆமாம், ஒரு சுற்று பரவாயில்லை போலத்தான் தெரியும். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். அது தன் குஞ்சுதானா என்று காக்கை என்றைக்குப் பார்த்தது?

மாடியில் மனைவி எழுந்து உட்காரவே முடியாமல் கிடந்தாள். பால் ஒரு சொட்டுகூடச் சுரக்கவில்லை. குழந்தையின் போட்டோவைப் பார்த்துக்கொண்டே பாலைப் பீய்ச்சிப் பாருங்கள், சில பேருக்கு வரும் என்று நர்ஸ் சொன்னாள். அவருக்குக் கேட்கவா வேண்டும், கண்ணாடி வழியாகவே படம் எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினார். கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தபோது மனசு கேட்கவில்லை. இந்தக் குழாயைப் பார்த்தால் அவளுக்கு மறுபடி ரத்த அழுத்தம் ஏறாதா? முகப்பரு, தழும்பு, கறுப்பு வளையம் எல்லாவற்றையும் இருபது வருஷமாக அழிக்கிற கை அது. குழாயை அழித்தார், டேப்பை அழித்தார். அழித்த இடத்தில் வாய் இல்லை. அந்த வாயை அவர் பார்த்ததே இல்லை. எப்போதோ வந்த ஆறு மாதக் குழந்தையின் வாயைக் கம்ப்யூட்டரில் தேடியெடுத்து, சிறிதாக்கி, ஒட்டுத் தெரியாமல் ஒட்டினார்.

மனைவி அந்தப் படத்தைத் தலையணையில் சாய்த்து வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அன்றைக்கு நாலு சொட்டு, மறுநாள் அரை சிரிஞ்சு பால் வந்தது. சிரிஞ்சில் அவள் பெயரை ஒட்டிக் கீழே கொண்டுபோனார்கள். பெயர் பார்த்துக் கொடுத்ததால் பால் மட்டும் சரியான பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்தது.

ஐந்தாம் நாள் மனைவியை வீல்சேரில் உட்கார வைத்து, இருவருக்கும் பச்சை அங்கி மாட்டி, முழங்கை வரை கை கழுவச் சொல்லி உள்ளே விட்டார்கள். அவர் மாப்பிள்ளை மாதிரி முறுக்கோடு வீல்சேரைத் தள்ளிக்கொண்டு போய் மூன்றாவது பெட்டியின் முன்னால் நிறுத்தினார். அவள் கையை உள்ளே விடப் போனாள். நர்ஸ் வேகமாக வந்து அந்தக் கையைப் பிடித்து, மணிக்கட்டுப் பட்டையைப் படித்தாள்.

"இது உங்க பாப்பா இல்லம்மா. உங்க பாப்பா அந்த மூலையில இருக்கு. முதல் நாளே மாத்தியாச்சே."

மெஷின்கள் அதுபாட்டுக்குக் கூவிக்கொண்டிருந்தன. அவருக்கு வீல்சேரின் பிடியை விடவும் தெரியவில்லை, தள்ளவும் தெரியவில்லை. நர்ஸ்தான் தள்ளிக்கொண்டு போனாள். மூலைப் பெட்டியில் இருந்த பிள்ளையின் பட்டையில் மனைவியின் பெயர் இருந்தது. அந்த முகத்தை உற்றுப் பார்த்தார். முன்பின் பார்த்த முகமாகவே தெரியவில்லை.

மனைவி ஒரு விரலைப் பிள்ளையின் உள்ளங்கையில் வைத்தாள். பிறகு, போட்டோவில் வாயில் ஒன்றுமே இல்லையே, அது எப்படி என்று கேட்டாள். அவர் உள்ளதைச் சொன்னார். அவள் குரலை உயர்த்தவில்லை.

"மூணு நாளா யாரோ பெத்த புள்ளகிட்ட பேசிக்கிட்டு இருந்திருக்கீங்க. நம்ம பொண்ணுகிட்ட யாருமே போகலைங்க."

அன்றிலிருந்து உள்ளே நுழைந்ததும் முதலில் பட்டையைப் படிப்பார், அப்புறம்தான் முகத்தைப் பார்ப்பார். மனைவி மருந்து, பால், துணி பற்றி மட்டும் பேசினாள். அந்தப் படத்தை மடித்து அவர் சட்டைப் பையிலேயே திணித்துவிட்டாள்.

ஏழாம் நாள் காலையில் மூன்றாவது பெட்டி காலியாக இருந்தது. ஒரு ஆயா அதை மருந்துத் தண்ணீரால் துடைத்துக்கொண்டிருந்தாள். மகளுக்கு இன்னும் மெஷின்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அவர் மூலைக்குப் போய்ப் பட்டையை இரண்டு தடவை படித்தார்.

நாலு நாள் கழித்து, நடந்ததெல்லாம் தெரிந்த அதே நர்ஸ் ஒருவரை வராந்தா பெஞ்சுக்கு அழைத்து வந்தாள். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். பேக்கரியில் ரொட்டி சுடுகிறவராம். மூன்றாவது பெட்டிப் பிள்ளையின் அப்பா. பிள்ளையை இங்கே சேர்த்த அன்றே அவர் மனைவி வேறொரு ஆஸ்பத்திரியில் நினைவிழந்துவிட்டாள். அவள் பக்கத்தைவிட்டு அவரால் நகர முடியவில்லை. போன் வந்து ஓடிவந்தபோது பிள்ளை போய்விட்டிருந்தது. நேற்றுத்தான் மனைவி கண் விழித்தாளாம். எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்களாம். முகத்தையாவது காட்டுங்கள் என்று கேட்கிறாளாம். காட்ட ஒரு படமும் இல்லை.

ஸ்டூடியோக்காரர் கடைக்குப் போய் இரண்டு படங்களோடு வந்தார். பெஞ்சில் அவருடைய மனைவியும் உட்கார்ந்திருந்தாள். பட்டும் புத்தி வரவில்லை என்றுதான் சொல்ல வேண்டும், முதலில் அவர் நீட்டியது குழாய் அழித்த படத்தை. பெற்றவள் பார்க்கப்போகிற படமாயிற்றே என்று நினைத்தார்.

பேக்கரிக்காரர் அதைப் பார்த்து இல்லை என்று தலையாட்டினார். "இது எங்க புள்ள இல்லீங்க. எல்லாத்தையும் எடுத்துட்டு என் கையில குடுத்தாங்க. வாய் ஒரு பக்கம் லேசா இறங்கி இருந்துச்சு."

மற்றதைக் கொடுத்தார். டேப், குழாய் எல்லாம் அப்படியே இருந்த படம். பேக்கரிக்காரர் அதை மடியில் வைத்து, டேப்பின் மேல் கட்டை விரலால் தடவினார். இதில் உயிர் இருக்கிறது என்றார். பிறகு ஓரத்தில் மங்கலாகத் தெரிந்த உருவத்தைக் காட்டி, இது யார் என்று கேட்டார்.

கண்ணாடியில் தன் நிழல் விழுந்துவிட்டது என்றும், ஐந்து நிமிஷத்தில் அதை அழித்துத் தருவதாகவும் ஸ்டூடியோக்காரர் படத்துக்குக் கை நீட்டினார். பேக்கரிக்காரர் கொடுக்கவில்லை.

"வேணாங்க, இருக்கட்டும். யாரோ ஒருத்தர் புள்ள பக்கத்துல நின்னிருக்காங்கன்னு பெத்தவகிட்ட சொல்லலாம்ல."

மனைவி நிமிர்ந்து கணவரைப் பார்த்தாள். ஆறு நாளில் அவள் அவர் முகத்தைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. பிறகு பேக்கரிக்காரர் பக்கம் திரும்பினாள்.

"சும்மா நிக்கலண்ணே. தினமும் வந்து பேசிக்கிட்டே இருந்தாரு. உங்க பொண்ணு தனியா இல்ல."

பேக்கரிக்காரர் ஸ்டூடியோக்காரரின் முகத்தையே பார்த்தார். "என்னங்க பேசுனீங்க?"

எதையாவது மாற்றிச் சொல்லலாம்தான். கைவந்த வேலைதானே. ஆனால் அவரால் முடியவில்லை.

"'அப்பா வந்துட்டேன்'னு சொன்னேங்க. மூணு நாளும் அதையேதான் சொன்னேன்."