தள்ளிவிட்டவளுக்கு ஒரு சாட்சி

சுனேயோவின் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைந்துகொண்டே வந்தன. அட்டை வாங்கிவிட்டால் வைத்தியம் இலவசம் என்றார் டாக்டர். குண்டு விழுந்தபோது ஹிரோஷிமாவில் இருந்தவர்களுக்கும், பின்னாலேயே ஊருக்குள் போனவர்களுக்கும் அரசாங்கம் தரும் அட்டை. எட்டு வருஷமாகக் கொடுக்கிறார்கள். அவள் கேட்டதில்லை. முதுகில் கண்ணாடிச் சில்லுகள் இருப்பது தெரிந்ததுமே இரண்டு வரன்கள் தட்டிப்போயிருந்தன. முப்பத்தாறு வயதுக்குப் பிறகு யாருக்கு மறைப்பது என்று நகராட்சிக்குப் போனாள்.

"அன்னைக்கு எங்க இருந்தீங்க?" என்றார் குமாஸ்தா.

"டிராம்ல. நான்தான் கண்டக்டர்."

"பார்த்தவங்க ரெண்டு பேர் எழுதித் தரணும். சொந்தக்காரங்க கூடாது."

"அந்த டிராம்ல இருந்தவங்க எல்லாரும் செத்துட்டாங்களே."

"சாகாதவங்களா ரெண்டு பேரைப் பாருங்கம்மா."

ஒருத்தி கிடைத்தாள். அன்று காலை பணிமனையில் அவளை வண்டியேற்றி அனுப்பிய தோழி கிகுனோ. இன்னொருவருக்காக யோசித்தபோது கத்திரிக்காய்க் கூடைக்காரர் நினைவுக்கு வந்தார்.

ஆண்கள் போர்முனைக்குப் போய்விட, பதினாறு வயதுப் பெண்கள் டிராம் ஓட்டி, டிக்கெட் கொடுத்த காலம். வண்டியில் கால் வைக்க இடமில்லை. அவர் கூடையோடு படியில் தொங்கினார். மூன்று முறை இறங்கச் சொன்னாள். நாலாவது முறை தள்ளிவிட்டாள். அவர் தெருவில் நின்று திட்டிக்கொண்டிருக்க, வண்டி ஊருக்குள் போனது. பத்தாவது நிமிடம் குண்டு விழுந்தது.

பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தாள். மூன்றாம் நாள் இவாகிச்சி என்பவர் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"தள்ளினது நீதானா?"

"ஆமாங்க. மன்னிச்சுக்கோங்க."

"ஒரு கத்திரிக்கா உருப்படியா மிஞ்சல."

"அந்த வண்டியில வந்திருந்தா நீங்களும் போயிருப்பீங்க."

"அது வேற விஷயம். தள்ளினது தள்ளினதுதான்."

மறுநாள் நகராட்சியில் உட்கார்ந்து அழுத்தந்திருத்தமாக எழுதினார். குமாஸ்தா வாசித்தார்: "இந்தப் பெண் மரியாதை தெரியாதவள். என்னைத் தள்ளிவிட்டு, குண்டு விழுந்த திசையில் வண்டியோடு போனாள். அந்த முகத்தை நான் மறக்கவில்லை."

"முதல் வரி வேணுமா ஐயா?"

"அதுதான் முக்கியம். சரி, என் பேர் இங்கேர்ந்து வெளிய போகாதே?"

"போகாது."

முத்திரை விழுந்தது. வெளியே வந்ததும் சுனேயோ கேட்டாள்: "நீங்க அட்டை வாங்கலையா?"

குண்டு விழுந்த அன்று மதியமே அவர் தம்பியைத் தேடி ஊருக்குள் போயிருந்தார். மூன்று நாள் பிணங்களைப் புரட்டிப் பார்த்தார். தம்பி கிடைக்கவில்லை.

"எனக்குக் கல்யாண வயசுல ஒரு மக இருக்கா," என்றார்.



ஆறு வருஷம் கழித்து வயிற்றில் புற்றுநோய் வந்து இவாகிச்சி இறந்தார். வைத்தியச் செலவு முழுதும் கைக்காசு. சாவுக்குச் சுனேயோ போனாள். ஒசாகாவில் வாழ்க்கைப்பட்டிருந்த மகள் மிசாயோ, நிறைமாத வயிற்றோடு, வந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"அப்பாவை உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"டிராம்ல பழக்கம். நான் கண்டக்டரா இருந்தேன்."

"இந்த ஊர் டிராம்லயா? சண்டை முடிஞ்சு ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் இங்க வந்தேன்னு அப்பா சொல்வாரே."

சுனேயோ தேநீரை ஒரு மிடறு குடித்தாள்.

"ஆமாமா, அதுக்கப்புறம்தான். பிரசவம் எப்போ?"

"அடுத்த மாசம்."

"பாரம் தூக்காத," என்று சொல்லி, அவள் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டு அடுத்த வரிசைக்குத் தேநீர் கொடுக்கப் போனாள்.