சுண்ணாம்பு மலையில் கட்டிய வீடு

எழுபதுகளின் தொடக்கத்தில், ஆவடிப் பக்கம் நாங்கள் வேலை பார்த்த கம்பெனி வெளிநாட்டு மெஷின் ஒன்றை வாங்கியது. அதை ஓட்டிப் பழக, மத்தியதரைக் கடலோரத்து ஊர் ஒன்றுக்கு எங்கள் மூன்று பேரை அனுப்பினார்கள். நான், என் வயதுக்காரனான ஒரு ஃபிட்டர், எங்களை மேய்க்க ஓர் அதிகாரி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த ஊர்க்காரர்கள் எங்களை மலைக்குக் கூட்டிப் போனார்கள். மலை முழுக்கச் சுண்ணாம்புக்கல், வெயிலில் கண் கூசியது. கீழே கடல். அது பாதுகாக்கப்பட்ட மலையாம். பூவைப் பறிக்காதே, கல்லை எடுக்காதே என்று வாசலிலேயே படம் போட்ட பலகை வைத்திருந்தார்கள்.

பாதி வழியில், ஒரு திருப்பத்தில், கல்மேல் கல்லாக அடுக்கி வைத்திருந்தது. நடப்பவர்களுக்கு வழி காட்ட வைத்தது என்று பிறகுதான் தெரிந்தது. ஃபிட்டர் அதைப் பார்த்ததும் நின்றுவிட்டான். நம் மலைக் கோயில் பாதைகளில் சொந்த வீடு வேண்டி இப்படித்தானே கல் அடுக்குகிறோம்.

“இன்னா மாமே, இங்கியும் ஊடு இல்லாதவன் கீறான்” என்றான்.

எனக்காவது அம்பத்தூரில் அப்பா விட்டுப்போன ஓட்டு வீடு இருந்தது. அவன் அப்பா பூந்தமல்லிப் பக்கம் கூலிக்கு நாற்று நட்டவர், ஒரு சாண் நிலம் கிடையாது. அவனுக்குக் கம்பெனி குவார்ட்டர்ஸ்தான் கதி. ரிடையர் ஆகிற அன்றைக்கே சாவியைக் கொடுத்துவிட்டுப் பெண்டாட்டி பிள்ளைகளோடு தெருவில் நிற்க வேண்டும். அந்தக் கவலை அவனைத் தூங்கவிடாமல் அரித்துக்கொண்டிருந்தது.

ஷூவைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தான். பாதையோரம் கிடந்த தட்டைக் கற்களைப் பொறுக்கி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தான். மாங்காட்டு அம்மனை நினைத்துக் கண்ணை மூடிக் கைகூப்பினான்.

மலைக்குக் காவலிருந்த காவலாளி ஒருவன் ஓடிவந்து பூட்ஸ் காலால் ஒரு உதை விட்டான். கற்கள் சிதறின.

சட்டம் சட்டம்தான். கல்லைத் தொட்டது தப்பு, ஒத்துக்கொள்கிறேன். கலைத்துவிடு என்று கையைக் காட்டியிருந்தால் நாங்களே கலைத்திருப்போம். கும்பிட்டுக்கொண்டிருக்கிறவன் முன்னால் காலையா நீட்டுவது? இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

காவலாளியையாவது விடலாம், நம் வழக்கம் அவனுக்கு எப்படித் தெரியும். எங்கள் அதிகாரிக்குத் தெரியாதா? திருப்பதி மலைப்பாதையில் கல் அடுக்கிய பிறகுதான் மாம்பலத்தில் மாடி வீடு அமைந்தது என்று எங்களிடம் பெருமையடித்தவர் அவர். அந்த மனுஷன் காவலாளியிடம் பல்லை இளித்து, ஃபிட்டரைச் சுட்டிக்காட்டி, தன் நெற்றிப்பொட்டில் விரலைத் தட்டினார். கூட வந்தவர்கள் சிரித்தார்கள்.

“நீங்க அடுக்கினா பக்தி, இவன் அடுக்கினா பைத்தியமா சார்?” என்று கேட்டே விட்டேன்.

“வந்த எடத்துல மானத்த வாங்காதப்பா” என்றார். யார் மானத்தை யார் வாங்கியது?

எடுத்த கற்களை எடுத்த இடத்திலேயே போடச் சொல்லிக் காவலாளி சைகை காட்டினான். ஃபிட்டர் ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போட்டான். கடைசிக் கல்லைப் போட்டுவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு என்னிடம் வந்தான்.

“பாத்தியா மாமே, குடி போறதுக்குள்ளயே காலி பண்ண சொல்லிட்டான்.”