எபேசுத் தூணின் முன்னே நான் செய்த ஜெபம்

2009 சித்திரை மாதத்தில் என் தம்பி சீலனின் குரல் நின்றுபோனது. வன்னியில் மோட்டார் மெக்கானிக்காக இருந்தவன். மனைவி மலர், ஆறு வயது மகள் அபி. சண்டை நெருக்க நெருக்க இடம் இடமாக ஓடி, கடைசியில் கடற்கரை ஓரத்தில் அகப்பட்டுக்கொண்டார்கள். யாரோ ஒருவரின் போனில் கடைசியாகப் பேசினான்.

“அக்கா, பங்கருக்குள்ள தண்ணி. பிள்ளைக்குக் காய்ச்சல். ஜெபியுங்கோ.”

அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

நான் லண்டனில், மிச்சம் என்ற பகுதியில் ஒரு சான்ட்விச் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். கை பாண் ரொட்டியை அடுக்கும். மனம் அங்கே கிடக்கும். என் கணவர் ராஜன் சைவர். வேலை முடிந்ததும் போரை நிறுத்தச் சொல்லிப் பாராளுமன்றத்துக்கு முன்னால் நிற்கும் கூட்டத்தோடு போய் நிற்பார். தொண்டை கட்டித் திரும்பி வருவார். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்: “உம்மட ஆண்டவர் என்ன சொல்லுறார்?” நக்கலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டார். நான் ஜெபிப்பதை விட்டுச் சில கிழமைகள் ஆகியிருந்தன. முழங்காலில் நின்றால் மலரின் முகம்தான் வரும். சொல் வராது.

பக்கத்து நோர்பரியில் வீட்டில் கூடும் எங்கள் ஜெபக்கூட்டம் அப்போது பைபிளில் வரும் எபேசு பட்டணத்தைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தது. நடத்தியவர் டானியல், ஜெர்மனியிலிருந்து லண்டனுக்கு வந்த தமிழர். துருக்கிக்குப் போய் எபேசுவின் இடிபாடுகளைப் பார்த்தவர். வைகாசி மாதத் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை எங்களை லண்டன் நடுவிலுள்ள பெரிய அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போனார். எனக்கு விருப்பமில்லை. “வாரும், நானும் வாறன். அங்கயிருந்து அப்பிடியே ஆர்ப்பாட்டத்துக்குப் போவம்” என்று ராஜன்தான் இழுத்து வந்தார்.

எபேசு மக்கள் கும்பிட்ட பெண் தெய்வத்தின் கோயில் தூண் ஒன்றின் துண்டு அங்கே நிற்கிறது. துண்டு என்றாலும் ஆள் உயரம். அதைச் சுற்றி உருவங்கள். முகம் சிதைந்த ஒரு பெண், பக்கத்தில் சிறகு முளைத்த ஒரு இளைஞன். உலக அதிசயம் என்று பெயரெடுத்த கோயில், இருந்த இடமே தெரியாமல் சேற்றுக்குள் புதைந்து கிடந்ததாம். ஒருவர் வருடக்கணக்காகத் தேடித் தோண்டி எடுத்தாராம். அப்போஸ்தலர் பவுல் அந்தப் பட்டணத்தில் இயேசுவைப் பிரசங்கித்ததையும், தங்கள் தெய்வத்துக்கு அவமானம் என்று பட்டணமே கொதித்தெழுந்து அரங்கத்தில் கூடிக் கத்தியதையும் டானியல் சொன்னார்.

“பாத்தீங்களே, அவ்வளவு பெரிய கோயில் இப்ப எங்க?” என்றார் எங்களோடு வந்த ஒருவர்.

ராஜன் அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றார். “எங்கட கோயிலுகளும் இப்ப வன்னியில இப்பிடித்தான் கிடக்குது. உங்கட சேர்ச்சுகளும்தான்.”

டானியல் மெதுவாகச் சொன்னார்: “அண்ணை சொல்லுறது சரி. எபேசுவில பிறகு கட்டின தேவாலயமும் இடிஞ்சுதான் கிடக்கு. நான் அதுக்குள்ள நிண்டனான்.”

“அப்ப என்னதான் மிஞ்சினது?” என்று கேட்டேன். குரல் கூடிவிட்டது.

“தெரியேல்லை, அக்கா. ஆனா பவுல் அந்த நாட்டில பட்ட பாட்டை எழுதேக்க, உயிர் தப்புவம் எண்ட நம்பிக்கையே தங்களுக்குப் போச்சு எண்டுதான் எழுதியிருக்கிறார். அதை அவர் மறைக்கேல்லை.”

அந்த வார்த்தை எனக்குள் போனது. நம்பிக்கை போனவள் ஜெபிக்கக் கூடாது என்று நினைத்திருந்தேன். பக்கத்தில் கிடந்த வாங்குப் பலகையில் உட்கார்ந்து, கண்ணைக்கூட மூடாமல் சொன்னேன்: “ஆண்டவரே, எனக்கு நம்பிக்கை இல்லை. அவங்களில ஒருத்தரும் தனியச் சாகக் கூடாது. சீலன் உயிரோட இருந்தா அவன்ர குரலைக் கேக்கவேணும்.” வேறு ஒன்றும் கேட்க வரவில்லை.

அந்த மாதமே சண்டை எல்லாம் முடிந்துவிட்டது என்று செய்தி சொன்னது. ராஜன் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அதே ஜெபத்தையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

ஆனி மாதம், வேலை இடைவேளையில் போன் அடித்தது. தெரியாத இலக்கம்.

“அக்கா, நான் சீலன்.”

வவுனியாவில் ஒரு முகாமில் இருந்தான். நான் அழுது முடிந்ததும் சொன்னான்: “மலர் இல்லை, அக்கா. ஷெல் விழுந்தது. உடன உயிர் போகேல்லை. கடைசிமட்டும் தலையை என்ர மடியிலதான் வச்சிருந்தன். தனிய விடேல்லை.”

“அபி?”

“இருக்கிறாள். கையில காயம். எனக்குக் காலில பட்டு நடக்க ஏலாமப் போச்சு, ஆக்கள்தான் தாங்கிக்கொண்டு வந்தவை. ஆரோ ஒரு அம்மா பிள்ளையைத் தோளில வச்சுக் கடலேரித் தண்ணியைக் கடந்தவ. இக்கரையில என்னட்டத் தந்திட்டுப் போயிட்டா. பேர்கூடத் தெரியாது.”

கேட்ட இரண்டும் கிடைத்தன. மலர் கிடைக்கவில்லை. இதைச் சாட்சி என்று சொல்ல எனக்கு முதலில் வாய் கூசியது. எங்கள் கூட்டத்திலேயே பிள்ளையிடமிருந்து இன்னும் போன் வராத ஒரு தாய் இருக்கிறா. என்னைவிட உருக்கமாக ஜெபித்தவ. ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள். ஆனால் நான் கேட்டதைக் கர்த்தர் கேட்டார். அதை மறைத்தால் நன்றி கெட்டவள் ஆவேன்.

இப்போது சனிக்கிழமைகளில் அந்தத் தாயின் வீட்டுக்குப் போகிறேன். ஆறுதல் வசனம் ஒன்றும் சொல்வதில்லை. சமைப்போம், பிறகு சேர்ந்து ஜெபிப்போம். ராஜன் மாறவில்லை. தன் பிள்ளையார் படத்துக்கு விளக்கேற்றிவிட்டு, நான் மலருக்காக அழும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார். சீலனும் அபியும் இன்னும் முகாமில்தான். அவர்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

உங்களில் யாருக்காவது ஜெபிக்க வாய் வரவில்லை என்றால், விசுவாசம் திரும்பட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இல்லை என்பதையே அவரிடம் போய்ச் சொல்லுங்கள். அவர் கேட்பார்.