கதாநாயகன் இன்னும் கிளம்பவில்லை

போன வாரம் எதிர் மெடிக்கல் ஷாப்காரர் வந்து கதவைத் தட்டினார். "சார், உங்களுக்கு போன்." வெள்ளானூரில் எங்கள் தெருவுக்கே அவர் கடை போன்தான். அதில் ஒருவரைக் கூப்பிட்டால் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று பொருள். வேட்டியை இறுக்கிக்கொண்டு ஓடினேன்.

மறுமுனையில் ஒரு வார இதழின் ஆசிரியர். யாருக்கு என்ன ஆச்சு என்று பதறினேன்.

"யாருக்கும் ஒண்ணும் ஆகல சார். அஞ்சு வாரமா ஒண்ணும் ஆகல. அதுக்குத்தான் போன் பண்ணேன்."

அவர் இதழில் நான் ஒரு தொடர்கதை எழுதிவருகிறேன். (நீங்கள் படித்திருக்க மாட்டீர்கள். நல்லது.) கதாநாயகன் பெயர் கதிரவன். அந்தமானில் காணாமல்போன அண்ணனைத் தேடிக் கப்பலேற வேண்டியவன். ஐந்து அத்தியாயம் முடிந்துவிட்டது... இன்னும் வீட்டில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான்.

"அவனை எப்ப சார் அனுப்பப் போறீங்க? வாசகர் ஒருத்தர், தானே டிக்கெட் எடுத்துத் தர்றதா எழுதியிருக்கார்."

நான் என்ன செய்ய? ஒருவன் ஏன் வீட்டை விட்டுக் கிளம்புகிறான் என்பது பற்றிப் பெரிய பெரிய அறிஞர்கள் எழுதியதையெல்லாம் படித்தாயிற்று. முதலில் அவனுக்கு ஓர் அழைப்பு வர வேண்டுமாம். அவன் தயங்க வேண்டுமாம். பிறகு தாடி வைத்த ஒருவர் வந்து தைரியம் சொல்ல வேண்டுமாம். எல்லாம் செய்து பார்த்தேன். அழைப்பு அனுப்பினேன். தயங்கினான். தாடிக்காரரை அனுப்பினேன். அவரையும் உட்காரவைத்து இட்லி கொடுத்துவிட்டான்.

வீட்டுக்கு வந்து மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மனைவி சமையலறையிலிருந்தே ஆரம்பித்தாள். காஸ் தீரப்போகிறது என்று எத்தனை நாளாகச் சொல்கிறாள், அந்தக் கதிரவனா வந்து பதிவு செய்யப்போகிறான், மனுஷனுக்கு ஒரு பொறுப்பு வேண்டாமா... இருபது வருடமாகக் கேட்கிற பாட்டு. சட்டையை மாட்டிக்கொண்டு ஆவடிக்கு பஸ் ஏறினேன்.

தை மாதக் குளிர். பஸ் ஸ்டாண்டில் பாதிப் பேர் தலையில் மஃப்ளர். நடுவில் ஒரு பெண் மட்டும் சாதாரண வாயில் புடவையில், விசிறிக்கொள்ளாத குறையாக நின்றாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"அங்கிள், தெரியலையா? சூசை பொண்ணு. ரெஜினா."

தெரியாமலா? அவள் பெயரைச் சொல்லித்தானே நான் இத்தனை வருடம் பெருமையடித்துக்கொண்டிருக்கிறேன்!

இதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். எண்பதுகளின் நடுவில் நாங்கள் ஆவடி டிஃபன்ஸ் குவார்ட்டர்ஸில் இருந்தோம். பக்கத்து வீட்டில் சூசை. திண்டுக்கல் பக்கத்துக்காரர், மெஷின் ஷாப்பில் வேலை. திட்டுவதில் மன்னர். காலையில் ஃபேனை அணைக்காமல் போனது யார், குழாயைச் சரியாக மூடாதது யார் என்று அவர் ஆரம்பித்தால்தான் எங்கள் பிளாக்கே எழுந்திருக்கும். ஃபாக்டரி சங்கு அதற்கு அப்புறம்தான் ஊதும். குழாய் என்றால் அவருக்கு உயிர். ஒரு சொட்டு வீணாகக் கூடாது. அந்த வருடங்களின் தண்ணீர்ப் பஞ்சம் தெரிந்தவர்கள் அவரைத் தப்பு சொல்ல மாட்டார்கள்.

மூத்த மகள் ரெஜினா. அம்பத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். அவளுக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்தது. எங்கள் பிளாக்கிலிருந்து விமானம் ஏறப்போகும் முதல் ஆள். விடுவோமா? விசா வருவதற்கு முன்பே சென்ட் ஆஃப் வைத்துவிட்டோம்.

சர்ச்சுக்குப் பின்னால் ஷாமியானா. சமோசா, காராபூந்தி. சிறப்புரை, வேறு யார்... அடியேன்தான். வீரர்கள் வீட்டை விட்டுக் கிளம்புவது ஏன், மலைக்கு அப்பாலிருந்து அவர்களுக்கு மட்டும் கேட்கும் குரல் எது என்று முழங்கினேன். ஃபாக்டரி பெயின்ட்டர் முனுசாமி தன் பங்குக்கு ரெஜினாவின் ட்ரங்குப் பெட்டியில் ஸ்டென்சில் வைத்து வெள்ளை எழுத்தில் அடித்துக் கொடுத்தார். 'ரெஜினா, ஆவடி டு மஸ்கட்.' பக்கத்தில் மேல்நோக்கி ஓர் அம்புக்குறி வேறு. ஃபாக்டரிக்காரர்களிடம் ஒரு பெட்டி சிக்கினால் அம்புக்குறி போடாமல் விட மாட்டார்கள்.

எல்லாம் ஆயிற்று. விசாதான் வரவில்லை.

ஒரு தந்தி வந்தது: சற்றுப் பொறுக்கவும். பொறுத்தாள். அதற்குள் அவளிடம் டியூஷன் படித்த பிள்ளைகள் அடுத்த பிளாக் டீச்சரிடம் சேர்ந்துவிட்டார்கள். பாவம், அவர்களுக்குப் பரீட்சை. சர்ச் பாடகர் குழுவில் அவள் இடத்தில் வேறொரு பெண். அவள் கட்டில் போட்டிருந்த மூலையில் தம்பியின் மேஜை. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை... எல்லாம் அவள் போய்விடுவாள் என்ற அக்கறைதான். நடு ஹாலில் அந்தப் பெட்டி மட்டும் உட்கார்ந்திருந்தது. போகிறவர் வருகிறவர் எல்லாம் அதில் இடித்துக்கொண்டார்கள்.

முனுசாமி ஒருநாள் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். "இன்னா பொண்ணே, மஸ்கட்டு இன்னும் ஊட்லயே கீது?"

பிறகு கடைசித் தந்தி. அந்த வேலையே இல்லை என்று ஆகிவிட்டது.

உள்ளபடி எங்களுக்கு நிம்மதி. அவள் விட்டுவிட்டு வந்த அம்பத்தூர் பள்ளிக்கூடத்தில் திங்கட்கிழமையே மறுபடி வந்து சேர்ந்துகொள்ளச் சொல்லிவிட்டார்கள். அவள் அம்மா மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினாள். பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்கள். கதை சுபம் என்றுதான் நினைத்தோம்.

அந்த வாரக் கடைசியில் ரெஜினா கன்னியாஸ்திரீகளிடம் போனாள். ஷில்லாங்கில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஆள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். குளிர், தூரம், தெரியாத பாஷை. யாரும் போகத் தயாராக இல்லை. நான் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். அம்மா அழுதாள். எங்களில் யாருக்கும் புரியவில்லை. கையில் உள்ளூர் வேலை இருக்கிறது, குடும்பத்தில் கஷ்டம் இல்லை, துரத்துகிறவர் யாரும் இல்லை. ஏன் போக வேண்டும்?

முனுசாமி மட்டும் கேள்வி கேட்கவில்லை. பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு வந்தார். "ஊரு பேருக்கு மேல ஒரு கோட்டிங் அட்ச்சா ஆச்சு. அம்புக்குறி அப்டியே இர்க்கட்டும். அது எல்லா ஊருக்கும் ஒண்ணுதான்."

எனக்கும் காரணம் தெரியும் என்றே நினைத்தேன். என் சிறப்புரை! மலைக்கு அப்பாலிருந்து கேட்கும் குரல்... ஷில்லாங்கில்தான் எத்தனை மலை! இலக்கியக் கூட்டம், பள்ளி ஆண்டு விழா, ஒரு கல்யாணப் பந்தி என்று இதை நான் சொல்லாத இடம் இல்லை. ஒரு சொற்பொழிவு ஒரு பெண்ணின் வாழ்க்கையை மாற்றிய கதை.

இப்போது அதே பெண் எதிரே நிற்கிறாள். சென்னீர்குப்பத்தில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போக பூந்தமல்லி பஸ்ஸுக்குக் காத்திருக்கிறாள். அந்தப் பள்ளிக்கூடத்தில் இப்போது அவள்தான் தலைமையாசிரியை. குளிர்கால லீவுக்கு வந்திருக்கிறாள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, அன்றைக்கு நான் பேசியது நினைவிருக்கிறதா என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் யோசித்தாள். "சமோசா ஆறிட்டுது, அது ஞாபகம் இருக்கு அங்கிள்."

சரி. பின்னே ஏன்தான் போனாய்?

அவள் சொன்னது இதுதான். சென்ட் ஆஃபுக்கு மறுநாளிலிருந்தே வீட்டில் ஏதோ மாறிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைக் கோழிக் குழம்பில் லெக் பீஸ் அவள் தட்டுக்கு வந்தது. அதற்காக வழக்கமாகச் சண்டை போடும் தம்பி வாயைத் திறக்கவில்லை. பாத்திரம் கழுவப் போனால் அம்மா கையிலிருந்து பிடுங்கினாள்... 'போற பொண்ணு, நீ இரும்மா.' அவள் ஃபேனை அணைக்காமல் போனால் அப்பா வந்து தானே அணைத்துவிட்டுச் சத்தம் போடாமல் போனார்.

வேலை இல்லையென்று தந்தி வந்த அன்று, இனி எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று அவளுக்கு ஒரு பக்கம் சந்தோஷம்கூட. ஆகவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையும் லெக் பீஸ் அவள் தட்டுக்குத்தான் வந்தது.

"அப்புறம் ஒரு வேலை பண்ணேன் அங்கிள். அப்பா பேப்பர் படிச்சுகிட்டு இருந்தாரு. அவரு கண்ணு முன்னாடியே குழாயைத் தொறந்துவிட்டுட்டு வந்து நின்னேன். வேணும்னேதான்."

எனக்கே பகீரென்றது. சூசை வீட்டில், குழாய்!

"பேப்பரை மடிச்சு வெச்சாரு. எழுந்து போயி குழாயை மூடினாரு. வந்து, 'சாப்ட்டியாம்மா?'ன்னு கேட்டாரு."

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"அப்பதான் தெரிஞ்சுது... நான் கிளம்பி ரொம்ப நாளாச்சு. பெட்டி மட்டும்தான் பாக்கி."

வருத்தமா என்று கேட்டேன். இல்லையாம். போனதால்தான் மனுஷியானாளாம். ஆனால் அன்றைக்கு அப்பா 'அறிவிருக்கா உனக்கு?' என்று ஒரு சத்தம் போட்டிருந்தால், திங்கட்கிழமை அம்பத்தூர் பஸ்ஸில் ஏறியிருப்பேன் என்றாள். அப்படியென்றால் ஷில்லாங் இல்லை, தலைமையாசிரியை இல்லை, ஒன்றுமில்லை.

இப்போதாவது திட்டுகிறாரா?

"லீவுக்கு வந்தா முதல்ல மரியாதையா இருப்பாரு. ரெண்டு நாள் போகணும்." முகம் மலர்ந்தது. "இன்னிக்குக் காலையில திட்டினாரு அங்கிள். கீஸரை அணைக்கலைன்னு. பிளாக் முழுக்கக் கேட்டிருக்கும்."

ஏதோ விருது வாங்கியதைச் சொல்வதுபோல் சொன்னாள். பூந்தமல்லி பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள்.

வெள்ளானூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே வந்தேன். அறிஞர்கள் சொல்லும் அழைப்பு ஊரில் எல்லோருக்கும்தான் வருகிறது. எத்தனை பேர் கிளம்புகிறோம்? நம்மைப் பிடித்து வைத்திருப்பது பாசம் என்கிறோம். பாசமும் பெரும்பாலும் வசவாகத்தானே வருகிறது? இவனைத் திட்டலாம், இவன் நாளைக்கும் இங்கேதான் இருப்பான் என்ற நம்பிக்கை அதில் இருக்கிறது. அந்த நம்பிக்கை போன வீட்டில் மரியாதை வந்து உட்கார்ந்துகொள்கிறது. விருந்தாளியாகிவிட்டவன் எத்தனை நாள்தான் தங்குவான்?

கதிரவனின் சிக்கல் புரிந்துவிட்டது. ஐந்து வாரமாக அவன் அப்பா அவனைத் திட்டிக்கொண்டே இருக்கிறார். நான்தான் எழுதினேன், நகைச்சுவைக்காக! அப்புறம் பிள்ளை எப்படிக் கிளம்புவான்? ஆறாம் அத்தியாயம் பஸ்ஸிலேயே தயாராகிவிட்டது. கதிரவன் அப்பாவின் புது வேட்டியில் சாம்பாரைக் கொட்டுகிறான். அவர், 'பரவாயில்லப்பா' என்கிறார். கதிரவன் கையில் எடுத்த இட்லியைத் தட்டிலேயே வைத்துவிடுகிறான்.

அந்த உற்சாகத்தோடு வீட்டுக்குள் நுழைந்தேன். காஸ் பதிவு செய்தாயிற்றா என்று மனைவி கேட்டாள்.

அப்போதுதான் நினைவு வந்தது, எதற்காக ஆவடிக்குப் போனேன் என்று. மறந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்து காத்திருந்தேன்.

"பரவாயில்லங்க. கை கால் கழுவிட்டு வாங்க, காபி தர்றேன்."

காபி நன்றாகவே இருந்தது. குடித்து முடித்ததும், பரண்மேல் என் பெட்டி இருக்கிறதா என்று ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டேன்.