திருச்சியில் வாங்காத ரோபோ

கடைசி வருஷ ப்ராஜெக்டுக்கு எங்கள் கல்லூரியில் ஒரே வழிதான்: திருச்சிக்கு பஸ் ஏறி, கடையில் செய்து வைத்திருப்பதை வாங்கி வருவது. யாரும் அதை ஒளித்துக்கூடச் செய்யவில்லை. செயற்கைக்கோளை விண்வெளியிலேயே ரிப்பேர் பார்க்கும் ரோபோவை நானே செய்கிறேன் என்றதும் கைடு சார் சிரித்தார். ஓடவில்லையென்றால் ஃபெயில், ஒரு வருஷம் வீட்டில் உட்கார வேண்டியதுதான் என்றார். உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அம்மா ஏற்கெனவே என் ஜாதகத்தைக் கையில் எடுத்துவிட்டாள். நான் மசியவில்லை.

விண்வெளியில் ஊன்றிக்கொள்ள எதுவும் கிடையாது. செயற்கைக்கோளைப் பிடித்துக்கொள்ளாமல் அதன் திருகைக் கழற்றப் போனால் ரோபோவே சுற்றிவிடும். மேசையில் இதைக் காட்ட வழுக்கும் தரை வேண்டும். செந்துறையில் எங்கள் தெரு இளைஞர் மன்றத்தில் ஒரு கேரம் போர்டு இருந்தது. பெண்கள் அந்தப் பக்கமே போவதில்லை. நான் நேராகப் போய், எல்லோரும் வாய் பார்க்க, தூக்கிக்கொண்டு வந்தேன்.

வைவா அன்று போர்டில் பவுடரைத் தூவி வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் போர்டு பளபளவென்று இருக்கிறது. கல்லூரி அரியலூர் ரோட்டில். சிமெண்ட் லாரி போகப் போக மேசையெல்லாம் தூசு படியும். அந்தத் தூசு என்று நினைத்து லேப் அண்ணன் துடைத்துவிட்டார். பாவம், தினமும் துடைக்கிறவர். கொண்டுவந்த பவுடரே அவ்வளவுதான், எனக்கு அழுகையே வந்துவிட்டது. வெளியூர்ப் பரீட்சகர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

தோழியின் பையில் முகப்பவுடர் டப்பா இருந்தது. பிடுங்கி முழுசையும் கொட்டினேன்.

"பவுடர் பூசுற இடமாம்மா இது?" என்றார் கைடு சார்.

"இருங்க சார், பாருங்க" என்று சுவிட்சைப் போட்டேன்.

செயற்கைக்கோளாக வைத்திருந்த பெட்டியின் திருகை ஒற்றைக் கையால் திருகியதும் ரோபோ தானே சுற்றிக்கொண்டு போனது. சார் நிறுத்தப் போனார். "கைய எடுங்க சார்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. ரோபோவைப் பழைய இடத்தில் வைத்து, இரண்டாவது கையால் பெட்டியைப் பிடிக்கவைத்தேன். இப்போது திருகு மட்டும் சுழன்று கழன்றது. பரீட்சகர் இன்னொரு தடவை காட்டச் சொன்னார். பிறகு பாஸ் என்றார்.

நான் கட்டி எடுக்கும்போது கைடு சார் வந்து, அடுத்த வருஷப் பசங்களுக்கு ஆகும், ரோபோவை இங்கேயே வைத்துவிட்டுப் போ என்றார்.

"அவங்களும் செய்யட்டும் சார்" என்று சொல்லிவிட்டு, அதை மடியில் வைத்துக்கொண்டு செந்துறை பஸ்ஸில் உட்கார்ந்தேன்.